காபி வரும்வரை: தலைச்சோலையில் ஒரு வெள்ளைக் கள்ளி

பொங்கல் கூட்டம் ஓய்ந்த மறுவாரம் ஏற்காட்டுக்குப் போய் வந்தேன். ஏரியில் படகு விடவோ, மலை முனையில் நின்று படம் எடுத்துக்கொள்ளவோ அல்ல. எனக்கு ஒரு கள்ளிச்செடியின் குட்டி வேண்டியிருந்தது. எழுபத்து மூன்று வயதில் இதற்காகவா தனியாக மலை ஏறுவது என்று என் மகன் தொலைபேசியில் கேட்டான். வேறு எதற்காக ஏறலாம் என்று கேட்டேன்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றவர். சேலத்தில் முன்சீஃபாக இருந்த காலத்தில், ஓர் எஸ்டேட்டின் எல்லைத் தகராறில் இடத்தை நேரில் பார்க்க ஏற்காடு போனார். மாலையில் திரும்பியவர், கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை மூட்டை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே எலுமிச்சை அளவில், வெள்ளைப் பஞ்சு போர்த்திய ஒரு கள்ளிக் குட்டி.

"தலைச்சோலைல ஒருத்தர் குடுத்தார்," என்றார்.

தெரிந்தவர்கள் கொண்டுவரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிற மனிதர் அவர். ஒரு செடியை மட்டும் வாங்கிக்கொண்டாரே என்று எனக்கு ஆச்சரியம். கொடுத்தவர்மீது கொஞ்சம் கோபமும்கூட. ஒரு காகிதத்திலாவது சுற்றித் தந்திருக்கக் கூடாதா? அவர் தொடையில் ஏறிய முட்களை எடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பிற்பாடு சொன்னதெல்லாம் ஒன்றுதான். "நல்ல காபி. வர்றதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு."

எங்களோடு ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் திருச்சி வீட்டு மொட்டை மாடியில் அந்தக் கள்ளி நிலைத்தது. அதன் பெயர் மாமிலேரியா போகசானா. மெக்சிகோவின் வறண்ட பாறை நிலத்துச் செடி. வெண்ணிறக் கள்ளிகள் பல உண்டு, எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இதில் விலா எலும்பு போன்ற வரிகள் இருக்காது, சிறு முலைகள்தான் சுருள் வரிசையில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு முலையின் நுனியிலும் பட்டுமயிர் போன்ற வெண்முட்கள், அவற்றின் நடுவே தூண்டில் போல வளைந்த ஒரே ஒரு முள். அந்தக் கொக்கி இல்லையென்றால் அது வேறு செடி. பொதுவாகக் கொக்கி செம்பழுப்பாக இருக்கும். என்னுடையதில் தேன் நிறம். அப்படி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. செடி இருந்தது. சென்ற கார்த்திகை மழையில் செடிகளுக்காக மாடியில் போட்ட கூரையின் ஓடு ஒன்று நகர்ந்து, நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் முழுக்க அந்தத் தொட்டியில் நீர் சொட்டியிருக்கிறது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து அடியிலிருந்து சீவிக்கொண்டே போனேன். நடுவில் பழுப்புப் புள்ளி மறையும்வரை சீவ வேண்டும், பச்சை மட்டும் தெரிந்தால் அந்த உருண்டைத் தலை பிழைக்கும். கடைசித் தலை வரைக்கும் புள்ளி இருந்தது, ஒன்றும் தேறவில்லை.

மார்கழியில் என் பள்ளித் தோழி ஒருத்தி ஏற்காடு போய்விட்டு, அங்கே ஒரு வீட்டில் எடுத்த படத்தை அனுப்பினாள். அகன்ற சிமெண்டுத் தொட்டியில் ஒரு வெள்ளைக் கள்ளிக் கூட்டம். படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். தேன் நிறக் கொக்கிகள். எந்த ஊர் என்று கேட்டேன். தலைச்சோலை என்றாள்.

திருச்சியில் காலை ஆறரைக்குப் பேருந்து. நாமக்கல் வழியாகச் சேலம் ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம், நூற்றைம்பது ரூபாய்க்குள். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். மடியில் ஒரு காலி செருப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமர்ந்தேன். பெட்டிக்குள் காய்ந்த ஆற்று மணலும் கிழித்த செய்தித்தாளும் மட்டுமே.

"ஏனுங்கம்மா, பொட்டியில என்னங்க?" என்றார் நடத்துநர்.

"ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லாததயா மடியில வெச்சுப் புடிச்சுட்டு வர்றீங்க? எலுமிச்சம்பழமாச்சும் இருக்குதா? வளைவு வருமில்லீங்க?"

"எனக்கு வாந்தி வராது."

"வராதுங்கறவங்கதானுங்க பத்தாவது வளைவுல சன்னல் கேப்பாங்க."

பத்தாவது வளைவில் நான் சன்னல் கேட்கவில்லை. பதினான்காவதில் கேட்டேன். அவர் சிரிக்காமல் இடம் மாற்றிக் கொடுத்தார், அதை நான் மறக்கவில்லை.

பாதி மலைக்குமேல் மேகம் சாலைக்கு வந்துவிட்டது. முன்னால் போன லாரி முதலில் நிறத்தை இழந்தது, பிறகு வடிவத்தை, பிறகு ஒரு சிவப்பு விளக்காக மட்டும் மிஞ்சியது. வெள்ளிக்கருவாலி என்னும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருப்பது ஒரு கணம் தெரியும், மறுகணம் மரமே இருக்காது. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை மட்டும் வெண்மைக்குள்ளிருந்து வந்து போனது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் யாரோ எண்ணிக்கொண்டிருப்பதைக் கேட்பது போல இருந்தது. கீழே விட்டுவந்த வெயிலை ஏற்கெனவே யாரோ சொன்ன சேதியாகத்தான் நினைக்க முடிந்தது.

ஏரிக்கு மேலே ஒரு விடுதியில் அறை, ஓர் இரவுக்கு ஆயிரத்து எண்ணூறு, வெந்நீர் உண்டு. மாலையில் கடை வீதிவரை நடந்தேன். சிறு தொட்டிகளில் கள்ளி விற்றுக்கொண்டிருந்தார்கள், ஒன்று நூற்றைம்பது. வாங்குவதாக இருந்தால் இரண்டைக் கவனியுங்கள். உச்சியில் பளிச்சென்று ஒற்றைப் பூ இருந்தால் அதன் அடியைப் பாருங்கள், பசையிட்டு ஒட்டிய காகிதப் பூவாக இருக்கலாம். பச்சைத் தண்டின்மேல் சிவப்புப் பந்து உட்கார்ந்திருந்தால் அது ஒரு செடி அல்ல, ஒட்டுக் கட்டிய இரண்டு. சிவப்புக்குத் தானாக உணவு செய்யத் தெரியாது. கீழே உள்ளது போடுகிற சோற்றில் சில ஆண்டுகள் அழகாக இருந்துவிட்டுப் போய்விடும்.

மறுநாள் காலை ஆட்டோ பேசினேன். தலைச்சோலைக்குப் போய்க் காத்திருந்து திரும்ப எண்ணூறு கேட்டார், எழுநூறுக்கு வந்தார். தூரம் அவர் கணக்கில் பத்து கிலோமீட்டர். காபிப் பழம் பறிக்கும் பருவம். மஞ்சுக்குள்ளிருந்து பெண்களின் பேச்சு மட்டும் வந்தது, ஆள் தெரியவில்லை. களங்களில் காபிக்கொட்டை காயப்போட்டிருந்தார்கள், வெயில்தான் இல்லை.

"கள்ளிச்செடி ஊடுங்களா? பிலோமினாக்கா ஊடுன்னு சொல்லுங்க," என்றார் ஓட்டுநர். "அங்க எதையும் கேட்டுப்போடாதீங்கம்மா."

"ஏன்?"

"கேட்டா அக்காவுக்குப் புடிக்காதுங்க."

விலை பேசினால் பிடிக்காது என்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். செருப்புப் பெட்டியை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். முதல் முறை போகும் வீட்டில் பெட்டியோடு போய் நிற்பது மரியாதையாக இருக்காது.

பிலோமினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காபியும் மிளகும் கொஞ்சம், பயணிகளுக்கு விற்கப் பூச்செடிகள் கொஞ்சம். அவர் மாமனார் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். ஊர் திரும்பிய ஒரு மேனேஜரின் மனைவி விட்டுப்போன கள்ளிகளை வாங்கி வந்து வளர்த்திருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சருங்களா?" என்றார்.

"இல்லை."

"பாத்தா பரீச்சை வெக்கறவங்களாட்ட இருக்குதுங்க," என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் அழைத்துப் போனார்.

அந்தக் கொட்டகையை எப்படிச் சொல்வது? நான்கு மூங்கில் கால், மேலே கண்ணாடித் தாள், பக்கங்கள் திறப்பு. மூன்று பக்கமும் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. தாளின்மேல் பனிநீர் சொட்டும் ஓசை. அதற்குக் கீழே ஒரு படுக்கையறை அளவுக்குப் பாலைவனம். மணல், கூழாங்கல், உடைந்த செங்கல், நூற்றுக்கணக்கில் முட்கள். மேகம் ஓரத்துக்கு வந்து, கொஞ்சம் எட்டிப் பார்த்து, உள்ளே வராமல் திரும்பியது. ஒரு நாட்டின் நினைவை இன்னொரு நாட்டின் மழைக்குள் கூரை போட்டுக் காப்பாற்றியது போல இருந்தது. எனக்கு எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே சிறிது நேரம் மறந்துவிட்டது.

நடுவில் அது இருந்தது. அகலத் தாம்பாளம் போல ஒரு கூட்டம், தலைக்குமேல் தலை, எல்லாம் வெள்ளை. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு வெண்பஞ்சுக்குள்ளும் தேன் நிறக் கொக்கி. உச்சிகளைச் சுற்றி அரும்புகள் வளையமாகக் கட்டியிருந்தன, பூனைக்குட்டிகளுக்கு மாலை போட்டது போல.

"இது வெள்ளைப்பூனைங்க," என்றார் பிலோமினா. "அது பூசணி, அது எலிக்குஞ்சு, அது நச்சத்திரம். வாங்க வர்றவங்க எல்லாம் இங்கிலீசுப் பேரு கேக்கறாங்க. நான் எங்க போறது?"

எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். பைக்குள் எப்போதும் பென்சிலும் பெயர்ச் சீட்டும் வைத்திருப்பேன். பூசணி என்பதில் இரண்டு வகை கலந்திருந்தன. மொட்டில் மயிரும் முள்ளும் இல்லாமல் வழவழவென்று செதில் மூடியிருந்தால் ஜிம்னோகலீசியம், மயிர் அடர்ந்து பூ மஞ்சளாக வந்தால் பரோடியா. நட்சத்திரம் என்றது அஸ்ட்ரோஃபைட்டம், உடம்பெங்கும் சுண்ணாம்புத் துளி தெளித்தது போல் இருக்கும். ஓரத்தில் நின்ற நம் சதுரக்கள்ளியை வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். கீறினால் பால் வடியும், முள் முளைக்கும் இடத்தில் பஞ்சுப் புள்ளி இருக்காது. பஞ்சுப் புள்ளி இல்லாதது இந்தக் குடும்பமே அல்ல.

"அதயும் இத்தன வருசமா சொந்தக்காரன்னு சோறு போட்டனுங்களே," என்றார் பிலோமினா.

பாதி சீட்டு எழுதி முடித்தபின் கேட்டேன். "இந்த வெள்ளையில எனக்கு ஒரு குட்டி வேணும். விலை சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. "அது விக்கறதில்லீங்க."

"சரி, என்கிட்ட ரெபூசியான்னு நல்ல கள்ளி ஒண்ணு இருக்கு. மாத்திக்கலாம்."

"மாத்தறதும் இல்லீங்க. கையில எடுத்துக் குடுக்கறதே இல்லீங்க." தொட்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு கை அகலத்துக்கு வெறும் மணல். "என்ற தங்கச்சி கேட்டாளேன்னு கையில புட்டுக் குடுத்தனுங்க. அந்த மழைக்கே இந்தப் பக்கம் அழுகிப்போச்சு. மாமனாரு அப்பவே சொல்லுவாரு, இத குடுத்தா கெட்டுப்போகுமுன்னு. பாருங்க, இன்னும் வளரலை."

வேர் புண்பட்ட இடத்தில் ஈரம் பட்டால் அழுகத்தான் செய்யும், கொடுத்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன். பிலோமினா பொறுமையாகக் கேட்டார். "இருக்குமுங்க. ஆனாலும் குடுக்கறதில்லீங்க."

"அப்போ இது வேற யார்கிட்டயும் இல்லையா?"

"இல்லாம என்னங்க? மாரமங்கலத்துல இருக்குது. செம்மநத்தத்துல நாலு ஊட்டுல இருக்குது. எல்லாம் இங்கிருந்து போனதுதானுங்க."

"எப்படிப் போச்சு?"

"கேக்காம போச்சுங்க," என்றார், மழை பெய்தது என்று சொல்வது போல. "களவு போனா நொம்ப நல்லதுங்க. போன எடமும் தழையும், இங்கயும் தழையும்."

நான் நிமிர்ந்தேன். "எங்க வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது. என் கணவர் ஜட்ஜ். இதே செடியிலேர்ந்து, உங்க மாமனார் கையாலேயே வாங்கிட்டு வந்தார்."

"மாமனாரு கையாலயா?" பிலோமினா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்கம்மா, கலெக்டரே வந்தாலும் அவரு கையில குடுக்க மாட்டாருங்க. வந்தவங்க கண்ணு செடி மேலயே நிக்குதுன்னா, 'காபி வெக்கச் சொல்லிப்போட்டு வர்றேன், உக்காருங்க'ன்னு உள்ள போயிருவாரு. கொட்டைய வறுத்து, அரைச்சு, அப்பறந்தான் வருவாரு. நொம்ப நேரம் ஆகுமுங்க. அத்தன நேரம் எதுக்குன்னு விவரம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

நல்ல காபி. வர்றதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு.

அங்கிருந்த கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மேகம் அடர்ந்து, கொட்டகையின் மூங்கில் கால்களையும் எடுத்துக்கொண்டது. வெள்ளைச் சட்டையில், வகிடு எடுத்துச் சீவிய தலையோடு, அவர் இந்தத் தொட்டியின் முன்னால் தனியாக நிற்பது தெரிந்தது. ஒரு முறை வீட்டுப் பக்கம் பார்க்கிறார். கைக்குட்டையை உதறி விரிக்கிறார். எங்கள் கலியாணமாகி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. புது வீட்டில் செடி வைக்க ஆளில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்ட வாரம் அது. பையில் முள் குத்தக் குத்த, ஜீப்பில், இருபது வளைவும் அசையாமல் உட்கார்ந்து வந்திருப்பார். மறுநாள் காலை பெஞ்சில் ஏறி யார் யாருக்கு என்ன தீர்ப்பு சொன்னாரோ?

பிலோமினா என் கண் நிற்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு, "காபி வெக்கறேனுங்க," என்றார். "பாலு வாங்கியாரணும். நேரமாகும். நீங்க சீட்டை எழுதுங்க."

சீட்டு எழுதினேன். இரண்டு எழுதினேன். மூன்றாவதில் எழுத்து சாய்ந்தது, என் எழுத்து சாய்ந்ததே இல்லை. வீட்டுக்குள் எங்கோ ஒரு கதவு, அவசியத்துக்கு அதிகமான சத்தத்தோடு சாத்தப்பட்டது.

செருப்புப் பெட்டி ஆட்டோவில் இருந்தது. அதை எடுத்துவரப் போனால் இனி திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். கைக்குட்டையை எடுத்தேன். தொட்டியின் ஓரத்தில், தாயோடு நூல்போல ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தலையைத் தேர்ந்தெடுத்து மெல்லத் திருகினேன். திருட்டிலும் முறை என்று ஒன்று உண்டு. இழுக்கக் கூடாது, திருக வேண்டும், தாய்க்குப் பெரிய காயம் படக் கூடாது. காயம் பட்ட இடத்தில் அங்கிருந்த கரித்தூளை ஒரு சிட்டிகை வைத்தேன். மூட்டையைக் கைப்பைக்குள் போட்டு, பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு, வெகுநேரமாக எழுதிக்கொண்டிருப்பவளைப் போல உட்கார்ந்தேன். என் நெஞ்சு அடித்ததை அந்தச் சதுரக்கள்ளிகூடக் கேட்டிருக்கும்.

பிலோமினா வந்தார். டம்ளரை என்னிடம் கொடுத்தார். தொட்டியைப் பார்க்கவே இல்லை. ஆனால் என் முதுகுப் பக்கம் பார்த்து நின்றார்.

"ஏனுங்கம்மா, சேலையில ஒண்ணு கூடவே வருதுங்க."

தலைப்பைத் திருப்பினேன். இன்னொரு வெள்ளைக் குட்டி, கொக்கிகளால் பட்டுக் கரையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. எடுக்கக் கை நீட்டினேன்.

"உடுங்க, உடுங்க. நீங்க எடுக்கலை, நானும் குடுக்கலை. அதுவா வருது. வழியில ஏதாச்சும் சொல்லித் திருப்பி அனுப்பிப்போடாதீங்க." பிறகு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "காபி எப்படிங்க?" என்றார்.

"நல்ல காபி," என்றேன். "வர்றதுக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆச்சு."

ஆட்டோக்காரர் காலிப் பெட்டியை எடுத்து நீட்டினார். "கேட்டீங்களாம்மா?"

"கேக்கலை," என்றேன். பாதிப் பொய்தான்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. தை, மாசி நல்ல மாதங்கள், இந்தக் கள்ளிகளில் அரும்பும் பூவும் பார்க்கலாம். ஸ்வெட்டர் வேண்டும். வழியில் எலுமிச்சம்பழம் வேண்டும், வராது என்பவர்களுக்கும். குட்டியைச் செய்தித்தாளில் சுற்றுங்கள், கைக்குட்டை வேண்டாம், கால்சட்டைப் பை வேண்டவே வேண்டாம். வந்தவுடன் நடாதீர்கள். நிழலில் ஒரு வாரம் போட்டு வையுங்கள், காயம் தோல்போல் உலரட்டும். பிறகு பாதிக்குமேல் கரடு மணலும் செங்கல் பொடியும் கலந்த கலவையின்மேல் உட்கார வையுங்கள், புதைக்காதீர்கள். வேர் பிடித்தபின் மண் அடிவரை காய்ந்தால் மட்டும் நீர். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. கூரை ஓட்டை ஐப்பசியிலேயே சரிபாருங்கள்.

இரண்டு குட்டிகளும் என் மாடியில் வேர் விட்டிருக்கின்றன. பெயர்ச் சீட்டில் பெயர், ஊர், கிடைத்த விதம் மூன்றையும் எழுதுவது என் வழக்கம். பழைய செடியின் சீட்டில் 'அன்பளிப்பு' என்று எழுதியிருந்தேன். இத்தனை வருடம் தவறாக எழுதிவிட்டேனோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு புதிய சீட்டிலும் அதையே எழுதினேன்.

திருச்சிப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வரலாம். மாடியில் கிழக்கு மூலையில் இருக்கிறது, தேன் நிறக் கொக்கியைப் பார்த்தால் தெரிந்துவிடும். தயவுசெய்து கேட்காதீர்கள், நான் யாருக்கும் கொடுப்பதில்லை. உட்காருங்கள், காபி போட்டுக் கொண்டுவருகிறேன். சமையலறை கீழே இருக்கிறது, எனக்கு முழங்கால் வலி. ரொம்ப நேரம் ஆகும்.